லாஸ்ட் பரேட்: உறைபனி மலையில் ராணுவச் சரக்கு லாரியைக் காப்பாற்றும் அரைமணி நேரம்

தங்கை மகன் ராணுவத்தில் டிரைவர் பயிற்சி முடித்துவிட்டு, லடாக் பக்கம் போஸ்டிங் என்று சொல்லிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "மாமா, இங்க ஓட்டின அதே ஸ்டாலியன் லாரிதானே அங்கயும்? புதுசா என்ன கத்துக்கணும்?" என்றான். நான் இ.எம்.இ.யில், அதாவது ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் பிரிவில், இருபத்திரண்டு வருடம் வண்டி மெக்கானிக். அதில் மூன்று குளிர்காலம் லே-க்கு மேலே, இரண்டு கோடை ஜெய்சல்மேர் பக்கம். அன்று ராத்திரி அவனுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் பத்துப் பேருக்காவது தேவைப்படும்.

ராணுவத்தில் வண்டியை ஒரு நாளில் மூன்று முறை பார்க்கச் சொல்வார்கள். கிளம்பும் முன் ஃபர்ஸ்ட் பரேட், வழியில் நிற்கும்போது ஹால்ட் பரேட், வண்டியை நிறுத்திய பிறகு லாஸ்ட் பரேட். சமவெளியில் எல்லோரும் ஃபர்ஸ்ட் பரேடை ஒழுங்காகச் செய்வார்கள், ஏனென்றால் அதிகாரி பார்ப்பார். லாஸ்ட் பரேடை ஏனோதானோவென்று முடித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள். மலையில் இது அப்படியே தலைகீழ். காலை ஐந்து மணிக்கு மைனஸ் 25-இல் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அது முந்தின மாலை ஐந்து மணிக்கே கெட்டுப்போன வண்டி. எஞ்சின் சூடாக இருக்கும்போது, கை விரல்கள் மடங்கும்போது, எண்ணெயும் தண்ணீரும் ஓடும்போது செய்ய வேண்டிய வேலையைக் காலையில் செய்யவே முடியாது.

அங்கே என்ன மாறுகிறது

இரண்டு விஷயம். காற்று மெலிகிறது, எல்லாம் கெட்டியாகிறது.

லே சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கிருந்து நூப்ரா பள்ளத்தாக்குப் பக்கம் போக கார்துங் லா கணவாய் ஏற வேண்டும். அங்கே பலகையில் ரொம்ப காலம் 18,380 அடி என்று எழுதியிருந்தார்கள், ஜி.பி.எஸ். வைத்து அளந்தால் 17,582 அடி, அதாவது 5,359 மீட்டர்தான். எஞ்சினுக்கு அந்த 800 அடி பெரிய வித்தியாசம் இல்லை. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. எஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் பாதி ஆக்சிஜன்தான் கிடைக்கிறது.

நான் சேர்ந்த புதிதில் சக்திமான் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் ஜபல்பூரில் 1996 வரை தயாரான வண்டி. நீண்ட மூக்கு, டர்போ கிடையாது. மலை ஏறினால் கரும்புகையாகக் கக்கும். பம்ப் அதே அளவு டீசலைத் தள்ளும், எரிக்கக் காற்று இல்லை, மிச்சம் புகையாகப் போகும். பின்னால் வந்த அசோக் லேலண்ட் ஸ்டாலியனில் டர்போ உண்டு; மெலிந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளிவிடும். அதனால் மலையில் அது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே அந்த டர்போ சமவெளியில் சுற்றுவதைவிட வேகமாகச் சுற்றுகிறது. கணவாய் ஏறி நின்றதும் டக்கென்று எஞ்சினை அணைத்தால், சிவக்கச் சுட்டிருக்கும் டர்போவுக்கு எண்ணெய் ஓட்டம் நின்றுபோகும். மூன்று நிமிடம் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சினை மெல்ல ஓட விடுங்கள். அந்த மூன்று நிமிடத்தில் கீழே இறங்கி டயரைச் சுற்றி ஒரு நடை நடக்கலாம்.

கரும்புகை வருகிறது என்று சிலர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பம்பைத் திருகப் போவார்கள். வேண்டாம். அது பெஞ்சில் வைத்துச் செய்கிற வேலை, சாலையோரத்தில் செய்கிற வேலை இல்லை. முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பாதி நேரம் குற்றவாளி அதுதான்.

கீழேயே முடிக்க வேண்டியவை

கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். இதில் எல்லோரும் செய்யும் தப்பு, 'நிறைய ஊற்றினால் நிறையப் பாதுகாப்பு' என்று நினைப்பது. உறையாமல் இருக்கச் சேர்க்கும் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. 60-க்கு 40 என்றால் மைனஸ் 50-ஐ ஒட்டிப் போகும். ஆனால் தண்ணீரே இல்லாத சுத்த கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும்! கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். எழுபது சதவீதத்தைத் தாண்டினால் பாதுகாப்பு குறையத்தான் செய்யும், சூட்டைக் கடத்தும் திறனும் போய்விடும். வழியில் வெறும் தண்ணீரை 'டாப் அப்' செய்யாதீர்கள். கலந்த கேன் ஒன்றை வண்டியில் வையுங்கள். கலவை சரியா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

ரேடியேட்டர் மூடியையும் அப்போதே பாருங்கள். கார்துங் லா உச்சியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 82, 83 டிகிரியிலேயே கொதிக்கும். கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு திறப்பதும் கிட்டத்தட்ட அதே சூட்டில்தான். மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் பிடிக்காமல் போனால், வெளியே உறைபனி, உள்ளே ரேடியேட்டர் கொதிக்கும். நான் பார்த்த ஓவர்ஹீட் வண்டிகளில் நிறைய இப்படித்தான். டிரைவர்கள் குழம்பிப்போவார்கள்: "இந்தக் குளிரில எப்படி சார் கொதிக்குது?"

எஞ்சின் ஆயில். டப்பாவில் 15டபிள்யூ-40 என்று இருந்தால், அந்த 15டபிள்யூ ஆயில் மைனஸ் 20 வரை எஞ்சினைச் சுற்ற விடும், மைனஸ் 25 வரை பம்பில் ஏறும் என்று சோதித்துக் கொடுத்தது. அதற்குக் கீழே கேரண்டி இல்லை. 5டபிள்யூ என்றால் மைனஸ் 30, மைனஸ் 35. கையேடு அனுமதிக்கும் ஆயிலில் மெலிந்ததைப் போடுங்கள். கியர் பாக்ஸ், முன்பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்சில் ஆயிலை மறந்துவிடுவார்கள். எஞ்சினில் நல்ல ஆயில் போட்டு, ஆக்சிலில் கெட்டியான 90 நம்பர் ஆயிலை விட்டால், காலையில் எஞ்சின் ஓடும், சக்கரம் சுற்றாது.

பேட்டரி. மைனஸ் 18-இல் அதன் பலம் ஏறக்குறைய பாதி. அதே நேரத்தில் கெட்டியான ஆயிலைச் சுற்ற எஞ்சினுக்கு இரண்டு பங்கு பலம் வேண்டும். இன்னொன்று: முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியின் ஆசிட் மைனஸ் 60-க்கும் கீழே போனால்தான் உறையும். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அது கிட்டத்தட்டத் தண்ணீர். மைனஸ் 10-லேயே உறைந்து பெட்டி வெடித்துவிடும். ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.26-க்குக் கீழே காட்டினால் மலை ஏறாதீர்கள். 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரி தொடராக இருக்கும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று ஜோடி சேர்த்தால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு போகும்.

அப்புறம் டீசல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே வாங்கிக் கட்டிக்கொண்டது.

டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியில் முதலில் வெள்ளை வெள்ளையாக மிதந்து, அப்புறம் மொத்தமாகக் கட்டியாகும் பாருங்கள், அதே கதை. டீசல் முழுதாக உறைய வேண்டும் என்றுகூட இல்லை. மெழுகுத் துகள் மிதக்க ஆரம்பித்தாலே ஃபில்டரின் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். இப்போது பி.எஸ்.-6 டீசலுக்கு நம் நாட்டுத் தரவரையறையில் ஃபில்டர் அடைக்கும் வெப்பநிலை கோடையில் 18 டிகிரி வரை, குளிர்காலத்தில் 6 டிகிரி வரை இருக்கலாம். பிளஸ் ஆறு! சமவெளிக்கு அது போதும். லடாக்குக்கு எங்கே போதும்? அதனால்தான் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென்றே மைனஸ் 33 வரை ஓட்டம் குறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது.

என் முதல் குளிர்காலத்தில் நான்கு வண்டிகள் கீழேயிருந்து டேங்க் நிறையச் சாதாரண டீசலோடு வந்தன. மேலே வந்ததும் மிச்ச இடத்தில் ராணுவத்துக்கென்று அப்போதே வந்துகொண்டிருந்த குளிர்கால டீசலை ஊற்றி நிரப்பினோம். நிரப்பிவிட்டோம் என்ற நிம்மதியில் எஞ்சினை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தோம். காலையில் நான்கும் ஸ்டார்ட் ஆகி, ஒரு நிமிடம் ஓடி, ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. ஒரு ஃபில்டரைக் கழற்றினேன். உள்ளே டீசல் இல்லை, உறைந்த நெய். விரலால் வழித்தெடுக்கலாம். டேங்கில் கலந்தது பாதிக்குப் பாதி. ஆனால் குழாயிலும் பம்பிலும் ஃபில்டரிலும் இருந்தது முழுக்கப் பழைய டீசல். என் உஸ்தாத், அதாவது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர், திட்டவில்லை. அந்த ஃபில்டரை என் கையில் கொடுத்து, "இதை வெந்நீரில் வைத்துக்கொண்டு நில், மதராஸி" என்றார். ஒன்றரை மணி நேரம் நின்றேன்.

ஆகவே: குளிர்ப் பகுதிக்குள் நுழையும்போது டேங்கில் பழைய டீசல் கால்வாசிக்கு மேல் இருக்கக் கூடாது. குளிர்கால டீசல் ஊற்றியதும் எஞ்சினை அணைக்காமல் இருபது நிமிடமாவது ஓட விடுங்கள். புது டீசல் இன்ஜெக்டர் வரைக்கும் போய்ச் சேரட்டும். மண்ணெண்ணெய் கலக்கும் பழக்கம் ஒன்று உண்டு. வேறு வழி இல்லாதபோது பழைய எஞ்சின்களில் செய்தோம். ஆனால் மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு குறைவு, பம்பைத் தேய்க்கும்; டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் பீய்ச்சும் இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில் நினைத்தும் பார்க்காதீர்கள். மெழுகு கட்டிய பிறகு கலந்தால் பயனும் இல்லை. பெட்ரோல் கலக்கவே கூடாது.

ஏற்றமும் இறக்கமும்

ஏறும்போது சமவெளி கியரிலிருந்து ஒன்று குறைத்தே ஓட்டுங்கள். எஞ்சின் திணறிய பிறகு கியரை இறக்காதீர்கள், திணறும் முன்பே இறக்குங்கள். பனியில் நடு ஏற்றத்தில் கியர் மாற்றும் அந்த ஒரு நொடியில்தான் சக்கரம் வழுக்கும்.

ஸ்கிட் செயின் என்று ஒரு இரும்புச் சங்கிலி வலை கொடுப்பார்கள். அதைச் சறுக்கிய பிறகு மாட்டலாம் என்று வைத்திருப்பவன் மாட்டவே மாட்டான். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் வழியில் இருக்கும் ஜோஜி லாவில் கணவாய்க்குக் கீழேயே, சமதரையாக இருக்கும் இடத்தில், கையுறையோடு மாட்டுங்கள். கொக்கியின் வாய் வெளிப்பக்கம் பார்க்கட்டும், உள்பக்கம் இருந்தால் டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால் பின்சக்கரத்துக்கு, சரக்கின் எடை அங்கேதான் இறங்குகிறது. இருநூறு, முந்நூறு மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். முதல் தடவை எவ்வளவு இறுக்கினாலும் தளரும். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிடுங்கள். அறுந்த சங்கிலி ஒன்று பிரேக் பைப்பை அடித்துக்கொண்டே போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இறக்கத்தில் நான்கு சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுங்கள். பலர் ஃபோர் வீல் டிரைவ் ஏறுவதற்கு மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். இறங்கும்போது எஞ்சின் பிடித்து இழுக்கும் வேகத்தடை பின்சக்கரம் இரண்டுக்கு மட்டும் போனால், பனியில் அவை பூட்டிக்கொண்டு வால் முன்னால் வந்துவிடும். நான்குக்கும் பிரித்துக் கொடுத்தால் வண்டி நேராக இறங்கும். புகைவழியை அடைத்து எஞ்சினால் வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைக் கண்ணாடிபோல் பனி இருக்கும் இடத்தில் தொடாதீர்கள்.

கோடையில் வேறு தொல்லை: நாலா. பனி உருகி சாலைக்குக் குறுக்கே ஓடும் தண்ணீர். காலையில் கணுக்கால் ஆழம் இருப்பது வெயில் ஏறி மாலை நான்கு மணிக்கு அச்சைத் தொடும். மாலையில் அங்கே போய்ச் சேர்ந்தால், தைரியத்தைக் காட்ட வேண்டாம். இந்தப் பக்கமே தங்கிவிட்டு விடிந்ததும் கடந்துபோங்கள். தண்ணீருக்குள் இறங்கும் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சிலின் மூச்சுக்குழாய் சேறு அடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடந்து வந்ததும் பிரேக்கை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காய வையுங்கள்.

டயர் காற்று. பிளஸ் 25-இல் நிரப்பிய டயர் மைனஸ் 25-க்குப் போனால் உள்ளே இருக்கும் அழுத்தத்தில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும். உயரத்தில் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் கேஜ் கொஞ்சம் கூடுதலாகக் காட்டி அதை மறைத்துவிடும். கீழே பார்த்த கணக்கை நம்பாமல், மேலே போய் டயர் குளிர்ந்த பிறகு ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.

லாஸ்ட் பரேட்

சரி, இப்போது முக்கியமான அரைமணி நேரம். முகாமுக்கு வந்துவிட்டீர்கள், சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது, இனி குளிர் மளமளவென்று ஏறும். வரிசையாகச் சொல்கிறேன், நான் செய்த வரிசை இது.

முகாமுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே வேலை ஆரம்பம். சேறும் பனியும் பிரேக் டிரம்முக்குள் போயிருக்கும். பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து ஓட்டுங்கள், சூட்டில் காயட்டும். ஈரத்தோடு பார்க்கிங் பிரேக் போட்டால் காலையில் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். எஞ்சின் இழுக்கும், சக்கரம் உழும், சுற்றாது.

நிறுத்தும் இடம். சேற்றிலோ கரைந்த பனியிலோ நிறுத்தாதீர்கள், ராத்திரியில் டயரைத் தரை பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்கு அடியில் பலகையோ காய்ந்த கல்லோ போட்டு அதன்மேல் ஏற்றுங்கள். வண்டியின் முதுகைக் காற்றுக்குக் காட்டுங்கள், ரேடியேட்டரை அல்ல. கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கட்டைதான் உண்மையான பிரேக்.

எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டீசலை நிரப்பிவிடுங்கள். காலி டேங்கில் இருக்கும் காற்றின் ஈரம் ராத்திரி சுவரில் வேர்த்து அடியில் தண்ணீராக இறங்கும். நிரம்பிய டேங்கில் வேர்க்க இடம் இல்லை. ஊற்றும்போது ரப்பர் கையுறை கட்டாயம். மைனஸ் 25-இல் இருக்கும் குளிர்கால டீசல் உறையாது, ஆனால் அதன் குளிர் மைனஸ் 25தான். வெறும் கையில் வழிந்தால், தீக்காயம் போலக் கொப்புளம் வந்துவிடும். எனக்கு இடது கை மோதிர விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

எஞ்சினை அணைத்ததும், டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித்திருகைத் திறந்து, தண்ணீர் போய் டீசல் வரும்வரை விடுங்கள். இதை நாளை காலை செய்யலாம் என்று நினைக்காதீர்கள். காலையில் அந்தத் திருகுக்குள் பனிக்கட்டி இருக்கும்.

அடுத்து ஏர் டேங்க். பிரேக்குக்குக் காற்றைத் தேக்கும் சிலிண்டர்களின் அடியில் ஒரு வால்வு இருக்கும். அழுத்தத்தில் காற்றின் ஈரம் தண்ணீராகி அடியில் நிற்கும். இழுத்துவிட்டால் முதலில் பழுப்புத் தண்ணீர் பீச்சும், அப்புறம் பால் போன்ற மூடுபனி, அப்புறம் காய்ந்த காற்று, ஓசையும் மாறும். 'ப்ளக் ப்ளக்' என்பது 'ஸ்ஸ்' என்று நீண்டால் முடிந்தது. அதற்கு முன் மூடாதீர்கள். அந்தக் கால் டம்ளர் தண்ணீர் ராத்திரி வால்வில் உறைந்தால், காலையில் பெடலை மிதிப்பீர்கள், வண்டிக்குக் கேட்காது. ஸ்பிரிங் பிரேக் வைத்த வண்டி என்றால் காற்றை மொத்தமாகக் காலி செய்யாதீர்கள். காற்று போனால் அது தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். அந்த வண்டிகளில் டிரம்மைக் காய வைத்துவிட்டு வருவது இன்னும் முக்கியம்.

பேட்டரியைக் கழற்றிச் சூடான இடத்தில் வைப்பது பழைய முறை. வேலைக்கு ஆகும். ஆனால் தூங்கும் இடத்தில் வைத்து சார்ஜ் போடாதீர்கள், அதிலிருந்து ஹைட்ரஜன் வரும். ரஷ்யாவின் உரால்-4320 லாரியில் வடதுருவப் பகுதிக்கென்றே ஒரு வகை உண்டு, பேட்டரிப் பெட்டிக்குக் குளிர் தடுக்கும் உறை, கேபினுக்கு இரட்டைக் கண்ணாடி, எஞ்சினைச் சூடாக்கும் பிரீஹீட்டர் எல்லாம் தொழிற்சாலையிலேயே வரும். நமக்கு எல்லா வண்டியிலும் அது இல்லை. அதனால் கம்பளியும் தார்ப்பாயும்தான். முன்கிரில்லையும் மூடுங்கள், ஆனால் மூடியிருக்கிறது என்று ஸ்டியரிங்கில் ஒரு துணி கட்டி வையுங்கள். காலையில் மறந்து ஓட்டினால் கொதிக்கும்.

வைப்பர் கைகளைக் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். கதவு ரப்பரில் கொஞ்சம் கிளிசரின் தடவுங்கள். சரக்குக் கயிறு ஈரமாக இருந்தால், முடிச்சை இப்போதே சுருக்கு முடிச்சாக மாற்றிக் கட்டுங்கள். உறைந்த சாதா முடிச்சைப் பல்லாலும் அவிழ்க்க முடியாது, நான் முயன்றிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதில் விளையாட்டே வேண்டாம். குளிருகிறதே என்று எஞ்சினை ஓடவிட்டு, கேபின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதீர்கள். கேபினுக்குள் ஸ்டவ் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. எஞ்சினை ராத்திரி முழுக்க ஐடிலில் விடுவதும் எஞ்சினுக்கு நல்லதில்லை. சூடே ஏறாமல் எரிந்து கரி கட்டும்.

காலையில்

மாலை வேலை ஒழுங்காக முடிந்திருந்தால் காலை வேலை கொஞ்சம்தான். பிரீஹீட்டர் இருந்தால் அதை ஓட்டுங்கள். கிளட்சை முழுதாக மிதியுங்கள், கியர் பாக்ஸின் கெட்டி ஆயிலை ஸ்டார்ட்டர் சேர்த்துச் சுற்ற வேண்டாம். பத்துப் பதினைந்து நொடி சுற்றுங்கள், ஸ்டார்ட் ஆகவில்லையா, இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள். அவசரப்பட்டுத் தொடர்ந்து சுற்றினால் பேட்டரியும் ஸ்டார்ட்டரும் சேர்ந்து போகும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், உள்ளேயே வெடிக்கும். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை மிதித்து உறும விடாதீர்கள், ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேர நேரம் வேண்டும்.

ஆயில் சம்ப்புக்கு, அதாவது எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு, அடியில் நெருப்பு மூட்டும் வழக்கத்தைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். ஒரு கான்வாயில் ஒருவர் ஸ்டவ்வை அடியில் வைத்துவிட்டுத் தேநீர் எடுக்கப் போனார். திரும்பி வருவதற்குள் ஒயரிங் கருகி, தார்ப்பாயின் ஓரம் பிடித்துக்கொண்டது. அணைத்துவிட்டோம். ஆனால் அந்த வண்டியை மேலே அனுப்ப முடியாமல், அதன் சரக்கை ஆறு பேர் கையால் வேறு வண்டிக்கு மாற்றினோம். அந்த உயரத்தில் ஒரு மூட்டையைத் தூக்கினால் நான்கு நிமிடம் மூச்சு வாங்கும்.

இன்னொரு வண்டியால் இழுத்து ஸ்டார்ட் செய்வதும் கடைசி வழிதான். ஆக்சில் ஆயில் கட்டியாக இருக்கும்போது இழுத்தால் சக்கரம் சுற்றாமல் வழுக்கும், இல்லையென்றால் ஏதாவது உடையும். கிளம்பியதும் முதல் இரண்டு கிலோமீட்டர் நடக்கும் வேகத்தில்தான். குளிரில் பட்டை ஸ்பிரிங் முறுமுறுவென்று இருக்கும், ஒரு குழியில் இலை ஒடிந்துவிடும்.

மணலுக்கும் ஒரு வார்த்தை

ஜெய்சல்மேர் பற்றியும் கேட்டான். அங்கே எதிரி தூசி. ஏர் ஃபில்டருக்குப் பிறகு வரும் குழாயைக் கழற்றி உள்ளே விரலைத் தேய்த்துப் பாருங்கள். விரலில் பவுடர் போல ஒட்டினால், எங்கோ ஒரு கிளாம்ப் தளர்ந்து ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது, எஞ்சினுக்கு ஆயுசு சில வாரம்தான். ஃபில்டரைச் சக்கரத்தில் தட்டாதீர்கள், காகிதம் கிழியும். உள்ளிருந்து வெளியே மெல்லக் காற்றடித்து ஊதுங்கள், அதுவும் புழுதிக்காற்று இல்லாத நேரம் பார்த்து.

மணலில் இறங்கும் முன் டயர் காற்றைக் கையேடு சொல்லும் மணல் அளவுக்குக் குறையுங்கள். டயர் அகலமாவதைவிட நீளமாகப் பதிகிறது, புதைக்காமல் மிதக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் செய்த டக் என்ற நீர்-நில லாரியில்தான் முதன்முதலில் டிரைவர் உட்கார்ந்தபடியே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதி வந்தது. அப்புறம் ரஷ்யர்கள் ஜில்-157-இல் வைத்தார்கள். நமக்குக் கை பம்ப், அல்லது வண்டியின் ஏர் டேங்கிலிருந்து ஒரு குழாய். நிறுத்தும்போது பிரேக் போடாமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள், பிரேக் போட்டால் முன்னால் ஒரு மணல்மேடு குவிந்துவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்றாமல் வேகம் எடுத்தால் டயர் சூடேறி வெடிக்கும். பின்னால் இரட்டை டயர் இல்லாமல் ஸ்டாலியனுக்கு ஒற்றை டயர் வைத்திருப்பதன் அருமை மணலில்தான் புரியும்: முன்சக்கரம் போட்ட தடத்திலேயே பின்சக்கரமும் போகிறது, புதுசாக உழ வேண்டியதில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டுத் தங்கை மகன், "மனுஷனுக்கு என்ன மாமா?" என்றான். அதை ராணுவமே பார்த்துக்கொள்ளும். 9,000 அடியில் ஆறு நாள், 12,000-க்கு மேல் நான்கு நாள், 15,000-க்கு மேல் இன்னும் நான்கு நாள் என்று உடம்பைப் பழக்கித்தான் மேலே ஏற்றுவார்கள். தலைவலியை மறைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்காதே என்றேன். அப்புறம் அவன் பையில் ஹைட்ரோமீட்டரை வைத்தேன், என் பழைய ரப்பர் கையுறையையும் வைத்தேன். கையுறையைக் கையில் போட்டுப் பார்த்தான். மோதிர விரல் கொஞ்சம் இறுக்கம் என்றான்.